நலமா என்று கேட்டவர்கள்: பிசிர் முதல் தேஹூ வரை

மனிதர் ஒருவரையொருவர் நாள்தோறும் கேட்கும் வினாக்களுள் மிகுதியாகக் கேட்கப்படுவது ‘நலமா?’ என்பதாகவே இருக்கும். விடை பெறாத வினாக்களைப் பட்டியலிட்டால் அதிலும் இதற்கே முதலிடம் தரவேண்டும். கேட்பவர் விடையை எதிர்நோக்கி நிற்பதில்லை. கேட்கப்படுபவரும் விடை சொல்வதில்லை. ‘நலம்’, ‘ஏதோ இருக்கிறேன்’, ‘உங்கள் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை’ என்னும் தொடர்கள் வாயிலிருந்து தாமாகவே வந்துவிடுகின்றன. இருவரும் நடந்துவிடுகிறார்கள்.

எனினும் இவ்வினாவுக்கு மெய்யான விடை சொல்லப்பட்ட தருணங்கள் வரலாற்றில் உண்டு. அவற்றுள் இரண்டைப் பற்றியது இக்கட்டுரை. ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. மற்றொன்று நான் வாழும் பிம்ப்ரியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், இந்திராயணி ஆற்றங்கரையில் உள்ள தேஹூ என்னும் ஊரில் பதினேழாம் நூற்றாண்டில் பிறந்தது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி. மொழியும் வேறு, நாடும் வேறு. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. மெய்யான விடை, சொல்பவரின் துணிவால் மட்டும் பிறப்பதன்று. அதில் பாதி கேட்பவரின் தகுதியால் பிறக்கிறது. ஆகவே இதனை விடை சொன்னவர்களின் வரலாறாக மட்டுமன்றி, வினவியவர்களின் வரலாறாகவும் படிக்கவேண்டும்.

முதலில் பொய்யான விடையின் தரப்பைப் பேசிவிடுவோம். அது அத்தனை இழிவானதன்று. பழந்தமிழ்க் கடிதங்களில் ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்திற்கு எழுத வேண்டியது’ என்று தொடங்கும் வழக்கம் இருந்தது. அதையே வடமொழிச் சார்புடையோர் ‘உபயகுசலோபரி’ என ஒரே சொல்லில் முடித்தனர். பின்னர் அது ‘நலம், நலமறிய ஆவல்’ ஆயிற்று. வீட்டில் சாவு விழுந்த செய்தியைத் தாங்கிய கடிதம்கூடச் சில வேளை இந்த ‘நலம்’ என்ற சொல்லோடு தொடங்கியிருக்கிறது. இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பண்டைய ரோமானியரும் ‘நீ நலமெனில் நன்று, நான் நலம்’ என்னும் பொருள்படும் தொடரோடுதான் கடிதத்தைத் தொடங்கினர். தொடர் அவ்வளவு பழகிப்போனதால் அதனை எழுத்துச் சுருக்கமாகவே பொறித்தனர். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்யியலாளர் செனெக்கா தம் நண்பர் லூசிலியசுக்கு எழுதிய பதினைந்தாம் கடிதத்தில் இவ்வழக்கத்தை நினைவுகூர்ந்து, உடல்நலம் மட்டும் நலமாகிவிடாது, மெய்யறிவை நாடி வாழ்தலே நலம் என்று அதற்குப் புதுப்பொருள் தர முயன்றார். வெற்றுச் சடங்காகிவிட்ட ஒரு வினாவுக்கு மீண்டும் உயிரூட்ட வேண்டும் என்னும் எண்ணம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடையது என்பதற்கு அக்கடிதமே சான்று.

இத்தகைய பேச்சுக்கு மானிடவியலில் ஒரு விளக்கம் உண்டு. பசிபிக் பெருங்கடலின் திரோபிரியாண்டு தீவுகளில் ஆய்வு செய்த மலினோவ்ஸ்கி, 1923இல் வெளியான ஒரு கட்டுரையில், செய்தி சொல்வதற்காக அன்றி உறவைப் பேணுவதற்காக மட்டும் நிகழும் பேச்சைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். மழையைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் கேட்பது அவ்வகை. இருவரிடையே நிலவும் மௌனத்தின் அச்சத்தை அது போக்குகிறது; ‘நான் பகைவனல்லன்’ என்று அறிவிக்கிறது. அவ்வளவே அதன் பணி. இந்த நோக்கில் ‘நலம்’ என்ற மறுமொழியைப் பொய் என்றே சொல்ல முடியாது. அது கதவைத் தட்டும் ஓசை. ஓசையில் உண்மையும் பொய்யும் இல்லை.

ஆனால் தட்டிய கதவு எப்போதேனும் திறக்கவேண்டும் அல்லவா? திறந்த இரு தருணங்களைப் பார்ப்போம்.

உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனுக்கும் அவன் மக்கள் இருவருக்கும் பகை மூண்டது. மக்கள்மேல் படையெடுக்கத் துணிந்தவனைப் புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். மன்னன் போரைக் கைவிட்டான். வாழ்வையும் கைவிடத் துணிந்து வடக்கிருந்தான். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையார் அவனுடைய நண்பர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. அவர் வரமாட்டார் என்று சூழ இருந்த சான்றோர் ஐயுற்றனர். வருவார், அவருக்கு என் அருகே இடம் ஒதுக்குங்கள் என்றான் மன்னன். அந்தப் பாடலில் இன்னொரு செய்தியும் உண்டு: தம் பெயரைச் சொல்ல நேரும்போது ஆந்தையார் சோழன் என்னும் என் பெயரையே தம் பெயராகச் சொல்பவர் என்கிறான் அவன். ‘நும் பெயர் யாது?’ என்பதும் அன்றாட வினாதான். அதற்கு நண்பனின் பெயரை விடையாகத் தந்த ஒருவரைப் பற்றிய குறிப்பு அது.

ஆந்தையார் வந்தார். வந்தவரைக் கண்ட சான்றோர் வியந்தனர். நெடுங்காலமாக நும்மைப் பற்றிக் கேள்விப்பட்டு வருகிறோம், ஆண்டுகள் பல ஆகியிருக்க வேண்டும், நுமக்கு நரை இல்லையே, எப்படி என்று வினவினர். உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 191ஆம் பாடலின் அடிக்குறிப்பு இந்தச் சூழலைத் தருகிறது. நாம் இன்றும் திருமண வீடுகளில் ‘வயதே தெரியவில்லையே உங்களுக்கு’ என்று சொல்கிறோமே, அதே முகமன்தான் அது. ‘எல்லாம் இறைவன் அருள்’ என்று கைகூப்பி நகர்ந்திருக்கலாம். சாகக் கிடக்கும் நண்பனைக் காண வந்தவருக்கு அந்த நேரத்தில் தம் தலைமயிரைப் பற்றிப் பேச வேறு காரணமும் இல்லை.

ஆந்தையார் வினாவை மெய்யான வினாவாக ஏற்றார். விடையை அடுக்கிச் சொன்னார். தம் மனைவி மாண்புடையவள். மக்கள் அறிவு நிரம்பியவர்கள். ஏவலர் தாம் எண்ணியதையே எண்ணுபவர்கள். தம் அரசன் அல்லவை செய்யாமல் காப்பவன். இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் ஊரில் கற்று அடங்கிய சான்றோர் பலர் வாழ்கின்றனர். ஆகவே நரை இல்லை. இவ்வளவே.

இவ்விடையில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, அவர் தம் உடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவரின் நலம் என்பது அவரைச் சூழ்ந்தவர்களின் நலம் என்னும் கருத்து, உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்கு விரிகிறது: மனைவி, மக்கள், ஏவலர், அரசு, ஊர். இரண்டாவது, அரசன் அல்லவை செய்யான் என்பது வாய்ப்பாட்டுப் புகழ்ச்சியன்று. அதே நூலின் 184ஆம் பாடலில், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு, விளைநெல்லைக் கவளமாக்கித் தந்தால் யானைக்குப் பல நாள் ஆகும், யானை தானே வயலில் புகுந்தால் உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி என வரிவாங்கும் முறையை எடுத்துரைத்தவரும் இவரே. அரசனிடம் நேருக்கு நேர் அறிவுரை சொல்லத் தயங்காதவர் அவனைக் குறையற்றவன் என்று சொன்னால் அச்சொல்லுக்கு எடை உண்டு. மூன்றாவது, மெய்யான விடை என்றாலே அது துயரமாகத்தான் இருக்கவேண்டும் என்ற நம் எண்ணத்தை இப்பாடல் மறுக்கிறது. ஆந்தையாரின் விடை மகிழ்ச்சியான விடை. துன்பத்தை மறைப்பதைப் போலவே, கண்ணேறு பட்டுவிடும் என்று அஞ்சி நிறைவையும் நாம் மறைக்கிறோம். ‘ஏதோ ஓடுகிறது’ என்று சொல்லும் வளமான மனிதர் எத்தனை பேர்! நிறைவை நிறைவென்று பெயர்சொல்லி, அதற்குக் காரணமானவர்களுக்கு உரிய பங்கைத் தருவதும் வாய்மையே.

இத்தனை நிறைவான வாழ்வைப் பட்டியலிட்டவர், அவ்வாழ்வை விட்டுவிட்டு நண்பனின் அருகே அமர்ந்து உடன் வடக்கிருந்தார். அவர் விடையின் பாரம் அப்போதுதான் நமக்குப் புலப்படுகிறது. எதை இழக்க வந்திருக்கிறார் என்பதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி, தேஹூ.

பிம்ப்ரி ரயில் நிலையத்தில் லோணாவாலா செல்லும் உள்ளூர் வண்டியில் ஏறினால் சிஞ்ச்வட், ஆகுர்டி ஆகிய நிலையங்களுக்குப் பின் தேஹூ ரோடு வரும். அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே சென்றால் துக்காராம் பிறந்த ஊர். 1608ஆம் ஆண்டு பிறந்தவர் என்பது பெரும்பாலோர் கொள்ளும் கணக்கு. குன்பி குடியில், தானிய வணிகம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். 1630 முதல் 1632 வரை தக்காணத்தையும் குஜராத்தையும் கொடும் பஞ்சம் வாட்டியது. அவ்வாண்டுகளில் சூரத்திலிருந்து ஆக்ராவுக்குப் பயணம் செய்த ஆங்கிலேய வணிகர் பீட்டர் மண்டி வழியெங்கும் கண்ட சாவுகளைத் தம் குறிப்பேட்டில் பதிவுசெய்திருக்கிறார். அந்தப் பஞ்சம் துக்காராமின் வீட்டிலும் புகுந்தது.

துக்காராமின் அபங்கங்களுள் அவருடைய தன்வரலாறாகக் கருதப்படும் ஒன்று உண்டு. இருபத்தொரு கண்ணிகள் கொண்டது. அதன் தொடக்கமே நம் பொருளுக்கு நேரானது. இதையெல்லாம் நான் பேசலாகாது; ஆனால் சான்றோராகிய நீங்கள் கேட்டுவிட்டீர்கள், உங்கள் சொல்லுக்குப் பணிந்து சொல்கிறேன் என்று அவர் முன்னுரைக்கிறார். வினா என்ன என்பது பாடலில் இல்லை. விடையிலிருந்து அதனை நாம் ஊகிக்கலாம்: ‘நீர் எப்படி இந்நிலைக்கு வந்தீர்?’

அவர் சொன்ன விடையின் சாரம் இது. பிறப்பால் சூத்திரன், தொழில் வணிகம், விட்டலன் குலதெய்வம். தாய் தந்தையர் மறைந்தபின் குடும்பவாழ்வு துயரமாயிற்று. பஞ்சத்தில் பொருள் கரைந்தது, மானமும் போயிற்று. மனைவியருள் ஒருத்தி சோறு சோறு என்று கேட்டபடியே மாண்டாள். நாணம் தின்றது. வணிகத்தில் இழப்பின்மேல் இழப்பு. இடிந்து கிடந்த கோவிலைக் கட்டவேண்டும் என்று மனத்தில் பட்டது. ஏகாதசிகளில் கீர்த்தனம் பாடத் தொடங்கினேன். அதற்குமுன் பயிற்சி ஏதும் இல்லை. முன்னோர் பாடல் சிலவற்றை மனனம் செய்து, பாடுவோருக்குப் பின்பாட்டுப் பாடினேன். உறவினர் சொல் கேட்கவில்லை. மெய் எது, பொய் எது என்பதற்கு என் மனத்தையே சான்றாக வைத்தேன். பலர் சொல்லும் கருத்தை ஏற்கவில்லை. கனவில் குருவின் உபதேசம் கிடைத்தது, கவிதை பிறந்தது, எதிர்ப்பும் வந்தது. ஏடுகளை ஆற்றில் விட்டுவிட்டு இறைவன்முன் கிடந்தேன். அவன் ஆறுதல் தந்தான்.

பிறகு அவர் பேச்சை நிறுத்திக்கொள்கிறார். விரித்தால் நேரமாகிவிடும், இது போதும். இப்போது இருக்கும் நிலை கண்முன் தெரிகிறது, இனி வருவதைத் தெய்வம் அறியும் என்கிறார்.

ஒரு வணிகர் தம் வீட்டுப் பெண் பசியால் இறந்ததை ஊரார்முன் சொல்வது எளிதன்று. தானியம் விற்றவரின் வீட்டில் தானியம் இல்லாமல் நேர்ந்த சாவு அது. பஞ்சத்தைப் பற்றிய வணிகர் குறிப்புகளும் அரசவைக் குறிப்புகளும் இறந்தோரைத் தொகையாகச் சொல்கின்றன. துக்காராம் ஒரே ஒரு சாவைச் சொல்கிறார். அத்துடன் நாணம் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறார். வறுமையைச் சொல்வதைவிட, வறுமையால் கூசினேன் என்று சொல்வது கடினம். மெய்யான விடைக்கும் வெறும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முறையீடு நிகழ்ந்ததைச் சொல்லும்; மெய்யான விடை, நிகழ்ந்தது தன்னை என்ன செய்தது என்பதையும் சொல்லும்.

இரு விடைகளையும் இணைத்துப் பார்ப்போம். இரண்டிலும் வினவியவர்கள் யார்? புறநானூற்றில் சான்றோர்; அபங்கத்தில் சந்தர், அதாவது அங்கும் சான்றோரே. அவர்கள் விடை சொல்பவரைவிட உயர்ந்த இடத்தில் அமர்ந்து ஆணையிடவில்லை. அவரிடமிருந்து பெறவேண்டிய பொருளும் அவர்களுக்கு இல்லை. விடையைக் கேட்டு இகழ்பவர்களும் அல்லர். கேட்டுவிட்டு நின்றார்கள். நின்று கேட்டதால்தான் விடை முழுமையாக வந்தது, பதிவும் ஆயிற்று. துக்காராம் தாமாக முன்வந்து தம் கதையைச் சொல்லவில்லை என்பதைக் கருத வேண்டும். சொல்லலாகாது என்பதே அவருடைய முதல் எண்ணம். வினவியவர்களின் தகுதியே அந்தத் தயக்கத்தை வென்றது.

இதற்கு மறுதலையான நிலையையும் இதே மண்ணில் காணலாம். மகாராட்டிரத்தில் மகர் சாதியினர் மேல்சாதியினரைக் காணும்போது ‘ஜோஹார்’ என்று சொல்லி வணங்கவேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. எதிரில் இருப்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லமாட்டார். தமிழகத்திலும் ‘கும்பிடுகிறேன் சாமி’ என்பதற்கு அதே சொல்லில் மறுமொழி கிடைத்ததில்லை. இவ்வாறு ஒரு திசையில் மட்டும் செல்லும் முகமனில் ‘எப்படி இருக்கிறாய்?’ என்ற வினா எழுந்தாலும் அதற்கு ஒரே விடைதான் உண்டு: ‘தங்கள் தயவில் நலம்.’ பண்ணையாரின் வினாவுக்கு, ‘கூலி போதவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல்’ என்று விடை சொன்னால் அது மிகைப்பேச்சாகக் கொள்ளப்படும். சமமில்லாத இடத்தில் நலவிசாரிப்பு என்பது, கீழே இருப்பவர் தம் பணிவை நாள்தோறும் புதுப்பிக்கும் சடங்கு மட்டுமே.

ஆகவே முகமன் சொற்களை மாற்றுவதற்காக நடந்த போராட்டங்களைச் சிறியவை என்று தள்ளிவிட முடியாது. ‘ஜோஹார்’ இருந்த இடத்தில் ‘ஜெய் பீம்’ வந்தது. நாகபுரியை அடுத்த காம்ட்டியைச் சேர்ந்த பாபு ஹர்தாஸ் அதனைப் பரப்பியவர் என்பர். ‘ஜெய் பீம்’ என்பதற்கு மறுமொழியும் ‘ஜெய் பீம்’ என்பதே. ‘வணக்கம்’ என்பதற்கு மறுமொழி ‘வணக்கம்’ என்று ஆனதும், தமிழியக்கமும் சுயமரியாதை இயக்கமும் இருபதாம் நூற்றாண்டில் அச்சொல்லைப் பொதுவாக்கிய பின்னரே. மேலே சொன்ன அதே ரயில் தடத்தில், தேஹூ ரோட்டில், 1954ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவினார். துக்காராமின் ஊரும் அம்பேத்கர் நிறுவிய புத்தரும் அவ்வளவு அருகருகே இருக்கிறார்கள். வார்க்கரி மரபில் அடியவர்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து வணங்குகிறார்கள். எதிர்ப்படுபவர் எவராயினும் ‘மாவுலி’, அதாவது தாயே, என்று விளிக்கிறார்கள். ஆனால் அந்தச் சமத்துவம் பந்தர்ப்பூர்க் கோவில் வாசலோடு நின்றுபோயிற்று. சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னர், 1947இல்தான் அக்கோவில் தலித்துகளுக்குத் திறந்தது. துக்காராமுக்குக் கிடைத்த கேட்போர் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும்.

கேட்பவர் நல்லவராக இருந்தும், இடையே பிறர் காது இருப்பதால் விடை பொய்த்துப்போவதும் உண்டு. முதல் உலகப் போரில் 1914, 1915ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 1,38,000 இந்தியர் பிரான்சு நாட்டுக் களத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்ய ஒரு தனி அலுவலகம் இயங்கியது. கேப்டன் ஹொவெல் அதன் தலைவர். அவ்வலுவலகம் மொழிபெயர்த்த பகுதிகள் இலண்டனில் காக்கப்பட்டுள்ளன. டேவிட் ஒமிசி அவற்றிலிருந்து தொகுத்த நூல் 1999இல் வெளிவந்தது. அவ்வீரர்களுள் எழுதத் தெரியாதோர் பலர். பிறர் எழுத, அவர்கள் சொன்னார்கள். ஊரிலும் பிறர் படிக்க, வீட்டார் கேட்டார்கள். எழுதுபவர், படைப்பிரிவின் அதிகாரி, தணிக்கையாளர், ஊரில் படித்துச் சொல்பவர் என ஒரு ‘நலம்’ நான்கு காதுகளைக் கடந்தே தாயின் காதை அடைந்தது. கருப்பு மிளகு தீர்ந்துவருகிறது, சிவப்பு மிளகாய் தேவைக்கே எடுக்கப்படுகிறது என்ற பாங்கில் வீரர்கள் மறைமொழியில் எழுதினர். கருப்பு இந்திய வீரர், சிவப்பு வெள்ளையர். தணிக்கையாளர்கள் அதனைக் கண்டுகொண்டனர் என்பதும் பதிவாகியுள்ளது.

அதே போரில் பிரித்தானியப் படை, வாசகங்கள் முன்னரே அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றை வழங்கியது. நான் நலம், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன் என்பன போன்ற வரிகளில் பொருந்தாதவற்றை அடித்துவிட்டு அனுப்பவேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும். ‘நலமா?’ என்ற வினாவுக்கு ஓர் அரசு விடையை அச்சிட்டே தந்துவிட்ட நிகழ்வு அது. போர்க்களத்து அட்டை என்பதால் அது நமக்கு வியப்பளிக்கிறது. ஆனால் நம் அன்றாட ‘நலம்’ என்பதும், நாமே நமக்கு அச்சிட்டுக்கொண்ட அட்டைதான்.

பிம்ப்ரியின் வரலாற்றை இந்த ஒளியில் பார்க்கலாம். 1947இன் பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்த அகதிகளின் முகாம் இங்கே அமைந்தது. உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெஃபும் துணைநிற்க, இந்திய அரசின் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை 1954இல் இங்கே நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டே பெனிசிலின் ஆக்கத்தைத் தொடங்கியது. 1960களில் தொழிற்பேட்டையும் இயந்திர ஆலைகளும் வந்தன. 1970இல் நகராட்சி, 1982இல் மாநகராட்சி. மராத்வாடாவிலிருந்தும் கன்னட நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்களால் நிறைந்த ஊர் இது. ஒரே தெருவில் ‘ராம் ராம்’, ‘ஜெய் பீம்’, ‘ஜெய் ஜூலேலால்’, ‘வணக்கம்’ ஆகிய நான்கையும் கேட்கலாம்.

இவ்வாறு ஊர்விட்டு வந்தவர்களின் நலச்செய்தியைப் பல்லாண்டுகள் சுமந்தவை அஞ்சலட்டையும் மணியார்டரும். இந்தியாவில் அஞ்சலட்டை 1879ஆம் ஆண்டு சூலை முதல் நாள் கால் அணா விலையில் வெளிவந்தது. மணியார்டர் முறையை அடுத்த ஆண்டே அஞ்சல் துறை ஏற்றது. மடித்து ஒட்டும் உள்நாட்டுக் கடிதத்தாள் 1950இல் வந்தது. அஞ்சலட்டை திறந்த ஏடு. தபால்காரர் படிக்கலாம், பக்கத்து வீட்டார் படிக்கலாம். மணியார்டர் படிவத்தின் அடித்துண்டில் செய்தி எழுத விட்டிருந்த இடமோ சில வரிகளுக்கு மேல் தாங்காது. பணத்தோடு சேர்ந்து போகும் செய்தி ‘நலம்’ என்பதாகத்தான் இருக்க முடியும். இல்லாவிட்டால் அந்தப் பணத்தைத் தாய் எப்படிச் செலவழிப்பாள்? ஊரிலிருந்தும் அதே விடை வந்தது. தந்தையின் நோயை மறைத்து ‘இங்கு யாவரும் நலம்’ என்று எழுதினார்கள். ஒரு நாள் ‘உடனே புறப்பட்டு வா’ என்று தந்தி வந்தது. இரு பக்கமும் அன்பினால் மறைத்த உண்மை, இறுதியில் இரு பக்கத்தையும் ஆயத்தமில்லாத நிலையில் தாக்கியது. இன்று தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம், ‘சாப்பிட்டாயா?’ என்கிறார்கள், ‘சாப்பிட்டேன்’ என்கிறோம். கருவி மாறியிருக்கிறது, வாய்ப்பாடு மாறவில்லை.

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் இடம் தந்திருக்கிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர் இட்ட நிபந்தனையை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். நன்மை குற்றமற்றதாக இருக்கவேண்டும். தாய்க்கு ஓர் இரவுத் தூக்கத்தைத் தந்து, மகனைப் பல ஆண்டுத் தனிமையில் விடும் பொய், அந்த நிபந்தனையில் தேறுமா என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அதேவேளை, கேட்டவர் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்பதும் பிழையே. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹார்வி சாக்சு, 1975இல் வெளியான கட்டுரை ஒன்றில் இதனை நுணுகி ஆராய்ந்தார். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்கப்பட்டவர் முதலில் தம் நிலையை ஆராய்வதில்லை. கேட்பவர் தம் துயரத்தைக் கேட்டுக்கொள்ளும் உறவில் இருக்கிறாரா என்பதையே ஆராய்கிறார். இல்லையெனில் ‘நலம்’ என்கிறார். ஆகவே எல்லாரும் ஏதேனும் ஒரு வேளையில் பொய் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது என்பது அவருடைய முடிபு. ரயிலில் எதிரே அமர்ந்தவருக்கும் அலுவலக வாயிற்காவலருக்கும் ‘நலம்’ என்பதே பண்பான விடை. இடர், அவர்களுக்குச் சொல்லும் ‘நலம்’ என்பதையே உடன்பிறந்தவருக்கும் நண்பருக்கும் சொல்லிப் பழகிவிடும்போதுதான் தொடங்குகிறது. பழகிய நா, வேறுபாடு பார்ப்பதில்லை.

இதில் இழப்பது என்ன என்பதற்கு ஓர் எண்ணிக்கையை மட்டும் முன்வைக்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். மாநிலங்களுள் முதலிடம் மகாராட்டிரத்துக்கு: 22,746. இரண்டாமிடம் தமிழ்நாட்டுக்கு: 19,834. நான் வாழும் மாநிலமும் நான் பிறந்த மாநிலமும். இச்சாவுகளுக்குக் கடன், நோய், குடும்பச் சிக்கல் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றை நலவிசாரிப்பு ஒன்றே தடுத்திருக்கும் என்று எவரும் சொல்லமாட்டார். எனினும் இவர்களுள் பெரும்பாலோரை, இறப்பதற்கு முந்திய வாரத்தில் எவரேனும் ‘நலமா?’ என்று கேட்டிருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 2022 அக்டோபரில் நடுவண் அரசு ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. 14416 என்ற அந்த எண்ணில் தமிழிலும் மராத்தியிலும் பேசலாம். தேவைப்படுவோர் தயங்காமல் அழைக்கவேண்டும். ஆனால் எண்ணின் மறுமுனையில் இருப்பவர் அறிமுகமற்றவர். அருகில் இருப்பவர் செய்யவேண்டியதை அவர் முழுதும் செய்துவிட முடியாது.

பிசிராந்தையாரும் துக்காராமும் விடை சொல்லும் முறையையும் விட்டுச்சென்றிருக்கிறார்கள். இருவரும் பொதுச்சொல்லைத் தவிர்த்தார்கள். ‘மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று ஆந்தையார் சொல்லவில்லை. யார் யாரால் என்று சொன்னார். ‘துன்பப்பட்டேன்’ என்பதோடு துக்காராம் நிற்கவில்லை. எந்தச் சாவு, எந்த இழப்பு, எந்த நாணம் என்று சொன்னார். இருவரும் பிறர்மேல் பழி போடவில்லை. கேட்டவரிடம் எதையும் வேண்டவும் இல்லை. இருவரும் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டனர். போதும், நேரமாகிவிடும் என்ற துக்காராமின் நிறுத்தம், கேட்பவர்மேல் அவருக்கு இருந்த பரிவு. நீண்ட புலம்பலுக்கு அஞ்சித்தான் பலர் ‘நலமா?’ என்று கேட்கவே தயங்குகிறார்கள். இரண்டு மூன்று வாக்கியங்களில் மெய்யைச் சொல்லி நிறுத்துபவரிடம் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

கேட்பவருக்கும் அவர்கள் ஒரு முறையைக் காட்டுகிறார்கள். புறநானூற்றுச் சான்றோர் ‘நலமா?’ என்று பொதுவாகக் கேட்கவில்லை. கண்ணால் கண்ட ஒன்றைச் சுட்டி, நரை இல்லையே, எப்படி என்று கேட்டார்கள். பார்த்துவிட்டுக் கேட்ட வினா அது. பாராமல் கேட்கும் வினாவுக்குப் பாராமலே விடை வரும். ‘போன முறை கண்டபோது இருமல் இருந்ததே, இப்போது எப்படி?’, ‘மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதா?’, ‘குரல் ஏன் கம்மியிருக்கிறது?’ என்று குறித்துக் கேட்டால், ‘நலம்’ என்னும் வாய்ப்பாட்டில் அவ்வினா முடிந்துவிடாது. கேட்டபின் சற்று நிற்கவும் வேண்டும்.

ஆடி ஏகாதசிக்காக ஆண்டுதோறும் தேஹூவிலிருந்து புறப்படும் துக்காராமின் பல்லக்கு, ஓர் இரவு ஆகுர்டி விட்டலன் கோவிலில் தங்கி, மறுநாள் பிம்ப்ரி வழியாகப் புனேயை நோக்கிச் செல்கிறது. இலட்சக்கணக்கானோர் உடன் நடக்கிறார்கள். மூன்று வாரங்களுக்கு அருகிய அந்த நடையில் அருகில் நடப்பவரின் ஊர், பயிர், கடன், மகளின் திருமணம் எல்லாம் பேச்சில் வந்துவிடும். ஒரே திசையில், ஒரே வேகத்தில் நடப்பவர்களிடையே ‘நலமா?’ என்ற வினாவுக்கு விடை சொல்ல நேரம் இருக்கிறது. நம் அன்றாடத்தில் அந்த நேரத்தை எவரோடு பகிர்வது என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஐவர் வேண்டாம், ஒருவர் போதும். அந்த ஒருவர் கேட்கும்போது ‘நலம்’ என்று சொல்லாமல், உள்ளதைச் சொல்லலாம். அந்த ஒருவரை நாம் கேட்கும்போது, விடை வரும்வரை நிற்கலாம்.